ஆறு வீடு சேர்ந்து போட்ட விண்டோஸ்

மாத்தளை டவுனில் வாங்கிய பழைய கொம்பியூட்டருக்கு இன்று புதிதாக விண்டோஸ் போட்டுவிட்டேன். மூன்றாவது முயற்சி! நாளைக் காலை என் கோர்ஸ் ஆன்லைனில் தொடங்குகிறது.

எங்கள் தோட்டத்து லயத்தில் வரிசையாக ஒட்டியிருக்கும் ஆறு வீட்டுக்கும் ஒரே கரண்ட் மீட்டர். டீக்குத் தண்ணீர் சுடவைக்க இரண்டு கரண்ட் கேத்தலை ஒன்றாகப் போட்டாலே கரண்ட் போய்விடும். முதல் இரண்டு தடவையும் அப்படித்தான் பாதியில் நின்றது.

இன்று வீடு வீடாகப் போய்க் கெஞ்சினேன். "ஒரு மணித்தியாலம் கேத்தல் போடாதீங்க."

பக்கத்து வீட்டுச் செல்வி அக்கா முறைத்தார். "ஞாயித்துக்கிழமையும் டீ குடிக்கக் கூடாதா? சரி, போடு. எங்க பிள்ளைங்களுக்கும் அதுல படிக்கக் குடுக்கணும், சொல்லிட்டேன்."

பிறகு அவரே வாசலில் உட்கார்ந்து காவல் காத்தார்.

"எத்தன பர்சன்ட் ஆச்சு?"

"அறுபது, அக்கா."

"இன்னுமா!"

கடைசியில் திரை திறந்தது. "முடிஞ்சிருச்சு!" என்று கத்தினேன். லயமே கை தட்டியது. அடுத்த நிமிஷம் ஆறு கேத்தலையும் ஒன்றாகப் போட்டார்கள்.

டப்! கரண்ட் போனது.

திரும்ப வந்ததும் பயந்துகொண்டே ஸ்விட்சைப் போட்டேன். கொம்பியூட்டர் சமர்த்தாகத் திறந்தது!

காவல் காத்தவர் என்ற முறையில், திரையில் தன் படத்தைத்தான் வைக்க வேண்டும் என்கிறார் செல்வி அக்கா. மறுத்துப் பேசத் தைரியமுள்ளவர்கள் கீழே கமென்ட்டில் எழுதுங்கள்.