நூற்றெழுபது வெள்ளி மோட்டாரில் நிபோங் தெபால் வரை

சனிக்கிழமை காலை ஆறேகால் மணிக்கு நிபோங் தெபால் ஸ்டேஷனில் நானும் என் கணவரும் ரயில் ஏறினோம். பிறை ஸ்டேஷனில் இறங்கி ரயில்வே படகில் கடலைத் தாண்டிப் பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனில் கால் வைத்தபோது மணி எட்டு. போவது ரயிலில், திரும்புவது சொந்த மோட்டாரில் என்பது எங்கள் ஏற்பாடு.

நான் ரப்பர் தோட்டத்து மருத்துவச்சி. பினாங்கு ஆஸ்பத்திரியில் பயிற்சி பெற்றவள். பக்கத்திலுள்ள மூன்று தோட்டங்களின் பிரசவங்களையும் என் பொறுப்பில் விட எங்கள் துரை இணங்கியிருந்தார். ஆனால் மாட்டு வண்டியை நம்பி அந்த வேலையைத் தர முடியாது என்றும், திங்கட்கிழமைக்குள் வாகனம் இல்லையென்றால் சுங்கை பாக்காப்பில் இருக்கும் வேறொருத்திக்குக் கொடுத்துவிடுவேன் என்றும் சொல்லிவிட்டார். துரையின் டிரைவரிடமே ஓட்டப் பழகி லைசென்ஸ் வாங்கியிருந்தேன். தோட்டப் பள்ளிக்கூட ஆசிரியரான என் கணவர் அந்தோணிக்கோ சைக்கிள் என்றாலே பயம்.

படகுத்துறையிலிருந்து ரிக்‌ஷாவில் பினாங்கு ரோட்டுக்குப் போனோம். பழைய மோட்டார்கள் விற்கும் கடை ஒன்றில் பதினொரு வண்டிகள் நின்றன. எங்கள் கைக்கு எட்டும் விலையில் இருந்தது ஒன்றே ஒன்றுதான்: கரும்பச்சை நிறம், நான்கு பேர் உட்காரலாம், மடக்கும் கித்தான் கூரை. நூற்றெழுபது வெள்ளி. கடையின் விற்பனையாள், முடியைப் படிய வாரிய தமிழர், முன்மூடியைத் தட்டிக் காட்டினார்.

“எஞ்சின் தங்கம்லா, அக்கா. கண்ண மூடிக்கிட்டு வாங்கலாம்.”

கண்ணைத் திறந்துகொண்டே கடலோர எஸ்பிளனேடு மைதானம் வரை ஓட்டிப் பார்த்தேன். காலை வெயிலில் குதிரைபோல் ஓடியது. கடைக்குத் திரும்பியதும் ஒரு காகிதத்தை நீட்டினார்கள். ‘கண்டபடியே வாங்கிக்கொண்டேன், கடையை விட்டு வெளியேறியபின் எந்தப் பழுதுக்கும் கடை பொறுப்பல்ல’ என்று இருந்தது. என் கணவர் அதை மூன்று முறை படித்தார்.

“லூர்து, இதுல கையெழுத்துப் போட்டா அப்புறம் பேச்சே இல்ல.”

“போடாட்டி வண்டியே இல்லீங்க.”

போட்டேன். பதினொன்றரை மணிக்குப் புறப்பட்டோம். கடற்கரைத் தெருவில், வங்கிகளும் கப்பல் கம்பெனிகளும் நிற்கும் இடத்தில், வண்டி இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. பின்னால் வந்த லாரிக்காரன் மலாய் மொழியில் ஏதோ திட்டினான். எஞ்சினைக் கிளப்பும் கைப்பிடியை வண்டியின் முன்னால் போட்டுச் சுற்றிச் சுற்றி என் தோள்தான் வலித்தது. கடைக்கு நடந்து போய்ச் சொன்னேன். விற்பனையாள் கோபப்படவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்து நான் கையெழுத்திட்ட காகிதத்தைக் காட்டிவிட்டு மூடினார், அவ்வளவுதான். நான் திரும்பி வந்தபோது வண்டி கைப்பிடியின் முதல் சுற்றிலேயே கிளம்பியது. ஏன் நின்றது, ஏன் கிளம்பியது என்று புரியாதது எனக்கு இன்னும் அதிக பயத்தைத் தந்தது.

ஒன்றேகால் மணி. பட்டர்வொர்த்துக்கு மோட்டார்களை ஏற்றிச் செல்லும் படகுக்காக வெயிலில் வரிசையில் நின்றோம். எங்கள் முறை வந்தது. முன்சக்கரங்கள் படகின் பலகையில் ஏறின, பின்சக்கரங்கள் கரையில் இருந்தன. அங்கே நின்றது வண்டி. முன்னாலும் போகாமல் பின்னாலும் வராமல் ஒரு படகையே நான் மறித்துக்கொண்டிருந்தேன். பின்னால் வரிசை முழுவதும் ஹாரன் அடித்தது. முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைப்பதுபோல் மறைத்துக்கொண்டேன்.

அப்போது நடந்து ஏறும் பயணிகள் கூட்டத்திலிருந்து கட்டம்போட்ட கைலியும் வெள்ளைத் தொப்பியுமாய் ஒரு பெரிய மனிதர் ஓடி வந்தார். வண்டியைப் பார்த்தார், எண் பலகையைப் பார்த்தார், தலையில் கை வைத்தார்.

“யா அல்லா! இது நம்ம வண்டியாச்சே!”

அவரும் கூலியாட்கள் நால்வரும் சேர்ந்து வண்டியைப் படகுக்குள் தள்ளினார்கள். படகு நகர்ந்ததும் அவரே விவரம் சொன்னார். பெயர் சேகு மைதீன். சூலியா தெருவில் சோற்றுக்கடை. இரண்டு வருஷம் வைத்திருந்த இந்த வண்டியை நான்கு மாதத்துக்கு முன் அதே பினாங்கு ரோட்டுக் கடைக்கு விற்றிருக்கிறார்.

“வெயில் ஏறுனா பெட்ரோல் போற குழாய் சூடாயிடும், தங்கச்சி. உள்ள ஆவி அடைச்சுக்கும். எண்ணெய் இறங்காது. ஆறினா தானா சரியாயிடும்.”

“கடைக்காரர்கிட்ட இதச் சொல்லித்தான் வித்தீங்களா?” என்றார் என் கணவர்.

பாய் வயிறு குலுங்கச் சிரித்தார். “சொன்னா வாங்குவானா? விடியக்காலைல கொண்டுபோய் ஓட்டிக் காட்டினேன். நான் அவன்கிட்ட மறைச்சேன், அவன் உங்ககிட்ட மறைச்சான்.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் அவரும் புக்கிட் மெர்தாஜாமில் தம்பி கடைக்குத்தான் போகிறார் என்று தெரிந்ததும் பின் இருக்கையில் ஏற்றிக்கொண்டேன். வியாதியை அறிந்தவர் கூட வந்தால் நல்லதுதானே. பெர்மாத்தாங் பாவுக்கு அருகில் வண்டி மூன்றாம் முறை நின்றபோது அவர் என்னை இறங்கச் சொல்லி, முன்மூடியைத் திறந்து, குழாய் எங்கே வளைகிறது, எந்த இடம் சூடாகிறது என்று தொட்டுக் காட்டினார். தம் தோள்துண்டை வயல் நீரில் நனைத்து அந்த இடத்தில் சுற்றச் சொன்னார். சுற்றியது நான். ஐந்து நிமிஷத்தில் எஞ்சின் உறுமியது. இருபுறமும் நெல் வயல், எதிரே புக்கிட் மெர்தாஜாம் மலை நீலமாக எழுந்து நின்றது. அந்த நாளில் முதல்முறையாக வழியை வேடிக்கை பார்த்தேன்.

மூன்றேகாலுக்குப் பாயின் தம்பி கடைவாசலில் வண்டியை நிறுத்தித் தேநீர் குடித்தோம். பக்கத்து மேசையில் இருந்த மரக்கடைக்காரர் ஒருவர், வேலாயுதம் என்று பெயர், எழுந்து போய் வண்டியை இரண்டு சுற்றுச் சுற்றி வந்தார்.

“எவ்வளவுக்கு வாங்கினீங்க?”

“நூத்தெழுவது,” என்றார் என் கணவர்.

“நான் இருநூறு தர்றேன். இப்பவே. எனக்கு இந்த மாதிரி ஒண்ணுதான் வேணும்.”

மேசைக்கடியில் என் கணவரின் செருப்பு என் காலை மிதித்தது. முப்பது வெள்ளி லாபம். அடுத்த வாரம் நல்ல வண்டியாகப் பார்க்கலாம். ஆனால் திங்கட்கிழமை போய்விடும். அது மட்டும் இல்லை. கடற்கரைத் தெருவில் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டு நான் நின்ற நிலையில் இந்த மனிதர் நிற்பது என் கண்ணில் தெரிந்தது. சேகு மைதீன் பாய் தேநீர்க் குவளைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, இது வெயில்ல நிக்கும். இன்னைக்கு மட்டும் மூணு தடவ நின்னுச்சு,” என்றேன்.

வேலாயுதம் என்னை ஒரு கணம் பார்த்தார். “அப்ப வேணாம்மா,” என்று சொல்லிவிட்டுத் தம் தேநீரை முடிக்கப் போனார். செருப்பு என் காலை விட்டது.

விடைபெறும்போது பாய் வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். சிரிப்பு இல்லை. “நானும் சொல்லியிருக்கணும், தங்கச்சி,” என்றார். ஈரத் துண்டைத் திரும்ப வாங்க மறுத்துவிட்டார்.

நான்கேகால் மணிக்குச் சிம்பாங் அம்பாட் சந்திக்குக் கொஞ்சம் முன்னால் வண்டி நான்காம் முறை நின்றது. இப்போது பாய் இல்லை, தள்ளுவதற்கு ஆளும் இல்லை. கித்தா என்று நாங்கள் சொல்லும் ரப்பர் மரங்களுக்கு நடுவே நாங்கள் இருவர்தான். நான் முன்மூடியைத் திறந்தேன். என் கணவர் சொல்லாமலே துண்டை எடுத்துக்கொண்டு ஓடையில் இறங்கினார். வேட்டி முழங்கால்வரை நனைந்தது. சுற்றினேன், காத்திருந்தேன், கைப்பிடியைப் போட்டேன். இரண்டாம் சுற்றில் கிளம்பியது. கடற்கரைத் தெருவில் என்னைப் பிடித்த பயம் அந்த இடத்தில்தான் போனது. பழுது என்னவென்று தெரிந்துவிட்டால் அதோடு குடித்தனம் நடத்தலாம் என்று பட்டது.

சுங்கை பாக்காப்பைத் தாண்டியதும் வெயில் தாழ்ந்தது. குழாய் ஆறியது, வண்டி பாடத் தொடங்கியது. ஐந்தே முக்காலுக்கு எங்கள் தோட்டத்தின் செம்மண் பாதையில் திரும்பினோம். காலையில் பிறைவரை ஒரு மணி நேரத்தில் கொண்டுவிட்ட ரயிலை நினைத்தேன். அதன் ஜன்னலில் சிம்பாங் அம்பாட் எப்போது வந்தது, எப்போது போனது என்று எனக்குத் தெரியாது. இந்த வண்டியோ ஒவ்வொரு ஊரிலும் எங்களை இறக்கி நிறுத்தி, யாரிடமாவது பேசவைத்துத்தான் கூட்டிவந்தது. ஜார்ஜ் டவுனில் எங்கள் மோட்டாரை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை, திட்டத்தான் பார்த்தார்கள். இங்கே தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசல்களில் எல்லாரும் எழுந்து நின்றார்கள். ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தி வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, “இனி நீங்க சீக்கிரமா வந்துருவீங்களா, அக்கா?” என்று கேட்டாள்.

“ராத்திரியிலயும் காலையிலயும் சீக்கிரமா வருவேன். மத்தியானம்னா கொஞ்சம் முன்னாடியே சொல்லி அனுப்பு,” என்றேன். அவள் சிரித்தாள்.

எங்கள் வீட்டு முன் எஞ்சினை நிறுத்தப் போனேன். என் கணவர் என் கையைப் பிடித்தார். நாள் முழுவதும் கதவின் விளிம்பை இறுகப் பற்றியிருந்த கை அது.

“நிறுத்தாத, லூர்து. வெயில்தான் போயிடுச்சே. தோட்டத்து எல்லைல இருக்கிற பாலம் வரைக்கும் ஒரு தடவ போயிட்டு வருவோம்.”

போய்வந்தோம்.