அமுக்க மறந்த கடிகாரம்

பழங்காநத்தத்தில் பிரௌசிங் சென்டர்கள் புதிதாக முளைத்திருந்த காலத்தில், சாயங்காலம் வேலை முடிந்ததும் நேராக அங்கேதான் போவேன். மெயில் பார்க்கப் போவதாக வீட்டில் சொல்வேன். எனக்கு ஒரு மெயிலும் வராது. நெட்டில் மூன்று நிமிட செஸ் ஆடுவேன், தோற்பேன். பக்கத்து சிஸ்டத்தில் ஒருத்தர் ஜெயித்துக்கொண்டே இருப்பார். சுங்குடிச் சேலை வியாபாரம், வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிற குடும்பம், என்னைவிட நாலைந்து வயது இளையவர். என்னை அண்ணே என்பார்.

அவர் ஆட்டத்தைப் பார்த்தால் முதலில் சிரிப்பு வரும். ஓரத்துச் சிப்பாய்களை நகர்த்துவார். புத்தகம் படித்தவன் எவனும் அப்படி ஆட மாட்டான். வாய்ப்புக் கிடைத்ததும் ராணிக்கு ராணி வெட்டிவிடுவார். "ராணி போனாத்தாண்ணே நிம்மதி" என்பார். அதற்கப்புறம்தான் அவர் ஆட்டமே தொடங்கும். மற்றவர்கள் ஒளித்து வைக்கிற ராஜாவை, சந்தைக்குக் கூட்டிப்போகிற மாதிரி நடுப்பலகைக்கு நடத்திக்கொண்டு வருவார். கை வேகமெல்லாம் கிடையாது. எதிராளி யோசிக்கும்போதே தன் அடுத்த காயை முடிவு செய்து வைத்திருப்பார், அவ்வளவுதான். கடைசிப் பத்து நொடியிலும் அரிசியில் கல் பொறுக்குகிற நிதானம். வாய்க்குள் சௌராஷ்டிரத்தில் முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டால் எதிராளி காலி.

பக்கத்துப் பக்கத்து சிஸ்டத்தில் உட்கார்ந்து நெட்டிலேயே ஒரு வருஷம் அவரோடு ஆடித் தோற்றேன். ஒரே ஒரு தடவை ஜெயித்துவிட வேண்டும் என்பது எனக்கு வெறியாகவே ஆகிவிட்டது.

வில்லாபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை போட்டி வைத்தார்கள். இருவரும் பெயர் கொடுத்தோம். நிஜக் கடிகாரத்தோடு அவர் ஆடுவது அதுதான் முதல் தடவை. நெட்டில் காயை வைத்ததும் நம் நேரம் தானாக நின்றுவிடும். இங்கே ஒவ்வொரு முறையும் நாமே பொத்தானை அமுக்க வேண்டும். இல்லாவிட்டால் எதிராளி யோசிக்கிற நேரமும் நமக்குத்தான் குறையும், நேரம் தீர்ந்தால் தோல்வி. அவர் மறந்துகொண்டே இருந்தார். முதல் சுற்றுகளில் எதிரே இருந்தவர்கள் பெருந்தன்மையாகக் கடிகாரத்தைக் கைகாட்டினார்கள். கடைசிச் சுற்றில் எதிரே நான். எனக்கு அந்தப் பெருந்தன்மை இல்லை.

ராணிகள் போயின. அவர் ராஜா நடுவே வந்தது. என் நிலைமை மோசம்தான், ஆனால் அவர் கடிகாரத்தில் இரண்டு நிமிடம்தான் பாக்கி. அப்போது குதிரையைத் தூக்கி வைத்துவிட்டு, பொத்தானைத் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தார். மறுபடியும் மறந்துவிட்டார் என்று நினைத்தேன். நெற்றியில் கை வைத்து மும்முரமாக யோசிப்பவன் போலக் குனிந்தேன். கண் மட்டும் கடிகார முள்ளின் மேல். அவர் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். நேரம் தீர்ந்து கடிகாரத்தின் சின்னச் சிவப்புக் கொடி விழுந்ததும், கையைத் தூக்கி நடுவரைக் கூப்பிட்டேன்.

நடுவர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு பலகையைப் பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். குதிரை வந்து உட்கார்ந்தபோதே என் ராஜாவுக்கு மேட், ஆட்டம் அத்தோடு முடிந்தது, அதற்கப்புறம் கொடி விழுந்தால் என்ன, விழாவிட்டால் என்ன என்றார். நான் அப்போதுதான் பலகையைப் பார்த்தேன். என் ராஜாவுக்கு நகர ஒரு கட்டம் இல்லை.

வெட்கத்தில் காது சுட்டது, சிரிப்பும் வந்தது. மேட் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று அவரிடம் கேட்டேன். நெட்டில் அதையும் கம்ப்யூட்டரே சொல்லிவிடும் என்பது எனக்கு உறைக்கவில்லை.

"இம்புட்டு நேரம் யோசிக்கிறீங்களே, எனக்குத் தெரியாத வழி எதுவும் இருக்குமோன்னு பயந்துட்டேண்ணே" என்றார்.