ரசமட்டம் வைத்து நிறுத்திய டிரெய்லர்

1. திங்கட்கிழமை காலை, தென் அந்தமானில் சௌல்தாரியைத் தாண்டிப் புதுச் சாலை வரவிருந்த மேட்டில் டிராக்டர் எங்கள் டிரெய்லரைக் கொண்டுவந்து விட்டது.
2. நான் ரசமட்டம் வைத்து, குமிழ் நடுவில் நிற்கும்படி அதை நிறுத்தினேன்.
3. செவ்வாய்க்கிழமை பிற்பகல் மழை பெய்தது.
4. பன்னிரண்டு தட்டு மண்ணில் மூன்று கெட்டது.
5. புதன்கிழமை காலை எஞ்சினியர் வந்தார்.

டிரெய்லர் என்பது நான்கு சக்கரங்களின் மேல் ஒரு மர அறை. தட்டையான தகரக் கூரை. உள்ளே இரண்டு படுக்கைப் பலகை, ஒரு ஸ்டவ், ஒரு மேசை, மேசைமேல் தராசு. சாலையைத் தாங்குமா என்று அறியக் குழி வெட்டி எடுத்த மண்ணை எடை போட்டு, உலர்த்தி, மறுபடி எடை போடுவது என் வேலை. டிப்ளமா முடித்து வந்து ஒரு வருடம் போர்ட் பிளேர் அலுவலகத்தில் வரைபடங்களைப் பிரதி எடுத்த பிறகு, கேட்டு வாங்கிய வேலை. எஞ்சினியர் ஒரு வாரம் கொடுத்திருந்தார். சரியாக வராவிட்டால் நான் வரைபட மேசைக்கே திரும்ப வேண்டும் என்பதையும் சொல்லியிருந்தார்.

எனக்குத் துணையாக டிராக்டர் டிரைவரின் மனைவி வந்தார். டிரைவர் வெளியே கூடாரத்தில் படுத்துக்கொள்வார். ராமநாதபுரம் பக்கத்துக்காரர்கள்; தண்ணீரைப் பானி என்னும் அளவுக்குப் பேச்சில் தீவின் இந்தி கலந்திருந்தது. அந்த அக்காவுக்கு என்னைவிட இரண்டு வயதுதான் கூட. ஆனால் கணவர் வேலை பார்த்த சாலைகளில் எல்லாம் இதே டிரெய்லரில் குடித்தனம் நடத்தியவர்.

அவர் இடம் பார்த்த விதத்தை நான் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். முதலில் அண்ணாந்து பார்த்தார்: பட்டுப்போன கிளை இருக்கிறதா என்று. பிறகு குதிகாலால் மண்ணை அழுத்தினார். சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை கொடுத்த பின்புதான் டிராக்டரின் கொக்கியைக் கழற்றவிட்டார். ஜாக்கி மண்ணில் புதையாமலிருக்க அடியில் பலகை. காலில் ஏறும் அட்டைகளுக்காகப் படியோரம் ஒரு உப்பு மூட்டை. எதையும் இரண்டாம் முறை செய்ய வேண்டியிருக்கவில்லை.

ஒன்றில் மட்டும் நான் இணங்கவில்லை. பின்பக்கத்தை ஒரு சாண் இறக்கி வைக்கச் சொன்னார். தராசு சாய்ந்தால் எடை பொய்யாகிவிடும் என்று சொல்லி, ரசமட்டத்தைத் தரையில் வைத்துக் காட்டினேன்.

அவர் குனிந்து பார்த்தார். “கண்ணாடிக்குள்ள இருக்குற பானி நல்லாத்தான் நிக்குது, ஓவர்சியரம்மா. மேலேருந்து வர்ற பானிக்கு வழி?”

மழைக்காலம் முடிந்துவிட்டது என்றேன்.

மறுநாள் வந்த மழை அரைமணி நேரம்தான். கூரையில் குளம்போல் நின்ற நீர் ஆணித் துளைகள் வழியே உலர்த்த வைத்திருந்த தட்டுகளில் கொட்டியது. மூன்று தட்டுகளில் மண் கரைந்து விளிம்பைத் தாண்டி வழிந்தது. நான் தட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன். அக்கா மழையில் இறங்கி, பின் ஜாக்கிகளை இறக்கும்படி கணவரிடம் சொன்னார். டிரெய்லர் மெல்லப் பின்னால் சாய்ந்தது. கூரை நீர் முழுவதும் ஒரே வீச்சில் பின்புறம் விழுந்தது. சொட்டு நின்றது.

டிரைவர் தலை துவட்டியபடி கெட்ட தட்டுகளைப் பார்த்தார். எனக்கு உதவ நினைத்துத்தான் அப்படிச் சொன்னார்: “மண்ணு மண்ணுதானே மேடம். பக்கத்துல அள்ளிப் போட்டா யாருக்கு மாலும், யாரு கண்டுபிடிக்கப் போறா?”

என் கண் வாசலுக்கு வெளியே கிடந்த மண்ணுக்குப் போனது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

அக்கா கணவரிடம் சொன்னார்: “அந்த ரோட்டுல நாளைக்கு வண்டி ஓட்டப் போறது நீதான்.”

டிரைவர் சிரித்துவிட்டார். நான் மூன்று தட்டுகளையும் காலி செய்து கழுவினேன்.

அதற்குள் அக்கா மேசையின் பின்கால்கள் இரண்டுக்கும் அடியில் மெல்லிய மரச்சில்லுகளை ஒவ்வொன்றாகச் செருகிக்கொண்டிருந்தார். “இப்ப உங்க குமிழை வச்சுப் பாருங்க” என்றார். மேசைமேல் வைத்தேன். நடுவில் நின்றது. அறை சாய்ந்திருக்க, தராசு நிற்கும் இடம் மட்டும் மட்டமாக இருந்தது. எனக்குத் தேவைப்பட்டது அவ்வளவுதான். முழு டிரெய்லரையும் மட்டம் செய்ய நான் ஒரு காலை நேரத்தைச் செலவழித்திருந்தேன்.

எஞ்சினியர் வந்ததும் காலித் தட்டுகளைப் பற்றிக் கேட்டார். டிரெய்லரை மட்டமாக நிறுத்தியது நான், அக்கா சொன்னதைக் கேட்காததும் நான் என்றேன். அவர் தம் ரசமட்டத்தைத் தரையில் வைத்தார். பிறகு மேசையில் வைத்தார். சில்லு வைத்தது யார் என்று கேட்டார். அக்காவைக் காட்டினேன். அந்த மூன்று தட்டுகளுக்கான குழிகளையும் மறுபடி வெட்ட எத்தனை நாள் ஆகும் என்றார்.

“ரெண்டு நாள், சார்.”

“அப்போ வாரத்தோட ரெண்டு நாள் சேர்த்துக்குங்க.”

சனிக்கிழமைக்குள் மூன்றையும் வெட்டி முடித்தோம். நான் வரைபட மேசைக்குத் திரும்பவில்லை. இந்த மாதம் நாங்கள் மூவரும் எட்டாவது முகாமில் இருக்கிறோம். டிரெய்லரை எங்கே, எப்படி நிறுத்துவது என்பதை அக்கா முடிவு செய்கிறார்.