சுவரக்கா எழுதிய உடற்கூறியல் பரீட்சை

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் பாரில் எங்கள் இருவருக்கும் வாசல் காவல். இடது கதவு எனக்கு, வலது கதவு அவருக்கு. அவரை எல்லோரும் சுவரக்கா என்பார்கள். வாட்டசாட்டமான உடம்பு. மோதியவன்தான் விழுவான், அவர் அசையமாட்டார். தகராறு என்றால் முதலில் நான் பேசிப் பார்ப்பேன். பேச்சு எடுபடாத இடத்தில் அக்கா இறங்குவார். அவர் இறங்கிவிட்டால் யாராவது ஒருவன் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் வெளியே போவான்.

இந்த வேலையில் முன்னால் வருகிறவனைச் சமாளித்துவிடலாம். பின்னால் வருகிறவன்தான் எமன். எனக்குப் பின்மண்டையில் தையல் இருக்கிறது, அக்காவுக்குத் தோளில் கண்ணாடி குத்திய தழும்பு இருக்கிறது. அதனால் யாராவது பின்னாலிருந்து தொட்டால், யார் என்று தெரிவதற்கு முன்பே எங்கள் முழங்கை போய் இடித்துவிடும். இது தைரியம் இல்லை, வீரமும் இல்லை. எங்களைப் பிடித்த வியாதி.

அந்த வியாதி ஒருநாள் வீட்டுக்குள் வந்தது. வார விடுமுறையில் வீட்டில் இருந்த அக்கா மத்தியானம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கண் அசந்திருக்கிறார். பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் சத்தம் போடாமல் பின்னால் போய் அம்மாவின் கண்ணைப் பொத்தினாள். விளையாட்டுக்குத்தான். அடுத்த நொடி குழந்தை சுவரோரமாகக் கிடந்தாள், கை மணிக்கட்டுக்கு மேலே வளைந்திருந்தது. ஆஸ்பத்திரியில் எப்படி ஆயிற்று என்று டாக்டர் கேட்டபோது, அக்கா வாயைத் திறப்பதற்குள் குழந்தையே முந்திக்கொண்டு, "மாடிப்படியில விழுந்துட்டேன்" என்றாளாம். அடித்த அடியைவிட அந்தப் பொய்தான் அக்காவை உடைத்துப் போட்டது. கல்யாணமான சூட்டிலேயே ஓடிப்போன புருஷனுக்காகக்கூட அழாதவர், அன்று என் முன்னால் உட்கார்ந்து அழுதார்.

"இந்த வேலையை விடணும் தம்பி. இல்லேன்னா எம்பொண்ணை நானே கொன்னுடுவேன்" என்றார்.

விட்டுவிட்டு எங்கே போவது? அதே ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் இடத்தில் உதவியாளர் வேலை இருந்தது. அதற்கு ஒரு டிப்ளமோ வேண்டும். அக்கா கல்யாணத்துக்கு முன்பு அந்தப் படிப்பில் எல்லாப் பாடமும் முடித்து, உடற்கூறியலை மட்டும் விட்டிருந்தார். வகுப்புக்குப் போக நேரம் ஏது? காலையில் வீடு, மத்தியானத்திலிருந்து வாசல். நல்லவேளையாக அவர் படித்த கல்லூரியில் ஒரு வழி வைத்திருந்தார்கள். வகுப்புக்கே வராமல் நேராகப் பரீட்சை எழுதலாம். தேறினால் அந்தப் பாடம் கணக்கில் சேர்ந்துவிடும்.

அப்புறம் ஆரம்பித்தது கூத்து. தடிமனான பாடப்புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்க முடியுமா? அக்கா தினமும் காலையில் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்துச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொள்வார். கூட்டம் இல்லாதபோது ஒரு பார்வை. ஆள் வந்தால் தாள் பைக்குள் போய்விடும். பஸ்ஸில் ஒரு பார்வை, குழந்தைக்குத் தலைவாரும்போது ஒரு பார்வை. ராத்திரி வீட்டுக்குத் திரும்பும்போது அந்தத் தாளில் பீர் இருக்கும், வியர்வை இருக்கும், சில நாள் ரத்தமும் இருக்கும். எவனுடைய ரத்தம் என்று நான் கேட்டதில்லை.

ஒருநாள் லாரி டிரைவர் ஒருத்தன் பரிமாறுகிற பெண்ணின் தலைமுடியைப் பிடித்து மேஜையில் மோதினான். அக்கா போய் அவன் கையை முறுக்கிக் குப்புறத் தள்ளி முதுகில் முழங்காலை ஊன்றினார். அவன் கெட்ட வார்த்தையாகக் கொட்டினான். அக்கா அவன் முழங்கையை அழுத்தியபடி, "இது ஹியூமரஸ். கீழே ரெண்டு எலும்பு இருக்கு. கட்டைவிரல் பக்கம் ரேடியஸ், அப்ப இந்தப் பக்கம்..." என்று நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"அல்னா" என்றேன். கேட்டுக் கேட்டு எனக்கும் பாடமாகிவிட்டது.

"அய்யோ, விடுங்கக்கா! நான் போயிடறேன்!" என்று கீழே கிடந்தவன் கத்தினான். பார் முழுக்கச் சிரிப்பு. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. பாடம் சரியா என்றுதான் அவர் கவலை.

பரீட்சை அன்று மகளைப் பார்த்துக்கொள்ள நானும் போனேன். கட்டுப் பிரித்து ஆறியிருந்த கையால் அவள் என் விரலைப் பிடித்திருந்தாள். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தோம். ஜன்னல் வழியாக அக்காவின் முதுகு தெரிந்தது. குனிந்த தலை நிமிரவில்லை. எழுதித் தள்ளிக்கொண்டிருந்தார். எனக்கே பெருமையாக இருந்தது.

பிறகு கூடுதல் தாள் கேட்டுக் கையைத் தூக்கினார். கண்காணிப்பாளர் வயதானவர், மெதுவான நடை. பின்வரிசையிலிருந்து தாளோடு வந்தார். நல்ல மனுஷன், எழுதுகிறவரைக் கெடுக்க வேண்டாம் என்று குரல் கொடுக்காமல் தோளில் லேசாகத் தட்டினார்.

நான் எழுந்து கத்தினேன். என்ன பிரயோஜனம்? முழங்கை அவர் விலாவில் இறங்கியது. வளைந்தவரின் கையைப் பிடித்து முறுக்கியதும் மேஜை சரிந்தது, கிழவர் தரையில் விழுந்தார். தோள் மூட்டு கழன்ற சத்தம் வெளியே இருந்த எனக்கே கேட்டது. அப்போதுதான் அக்காவுக்கு யாரை அடித்தோம் என்றே தெரிந்தது. அவரை மடியில் கிடத்தி, "அசைக்காதீங்க, யாரும் கையை இழுக்காதீங்க" என்று ஆம்புலன்ஸ் வரும்வரை கதறிக்கொண்டிருந்தார். விடைத்தாளை வாங்கிவிட்டார்கள். இனி ஒரு வருஷத்துக்குப் பரீட்சை எழுதக்கூடாது என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள்.

வேலைக்கு நேரமாகிவிட்டதால் மூவரும் நேராகப் பாருக்கு வந்தோம். குழந்தையை வெளிப்படியில் உட்காரவைத்துவிட்டு உள்ளே போனோம். அதே கூடத்தில் பரீட்சை எழுதிய யாரோ ஒருவன் எங்களுக்கு முன்பே வந்து கதையைச் சொல்லியிருந்தான். முதலாளி கல்லாவை விட்டு எழுந்து கைதட்டினார்.

"வாத்தியாரையே மடக்கிட்டியாமே! உனக்கெதுக்கும்மா படிப்பு? இந்தக் கைக்கு ஈடு உண்டா?" என்று விழுந்து விழுந்து சிரித்தார். "பொண்ணுக்கும் இப்பவே கத்துக்குடு. வளர்ந்ததும் உன் பக்கத்துலயே நிறுத்திடலாம்."

அக்கா அவருக்கு நேர் எதிரே போய் நின்றார். சட்டைக் கையை நிதானமாக மடித்துவிட்டார். முதலாளி சிரிப்பதை நிறுத்துவதற்கு நேரம் கொடுத்தார். சண்டையைத் தடுப்பதுதான் என் வேலை, அதற்குத்தான் சம்பளம். ஆனால் நான் இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை. ஒரே குத்து. முதலாளி கல்லாவுக்குப் பின்னால் போய் விழுந்தார், அவர்மேல் பாட்டில்கள் விழுந்தன. வாயிலிருந்து ரத்தத்தோடு ஒரு பல் வந்தது. அக்கா காவல் சட்டையைக் கழற்றி மேஜையில் போட்டுவிட்டு வெளியே நடந்தார்.

படியில் இருந்த மகள் அவர் விரல் கணுவைப் பார்த்தாள். தோல் கிழிந்திருந்தது.

"மறுபடியும் அடிச்சியாம்மா?"

அக்கா அவளுக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தார். "ஆமா. இன்னிக்கு ரெண்டு பேரை அடிச்சேன். முதல்ல அடிச்சவர்கிட்ட நாளைக்குப் போய்க் கால்ல விழுந்து மன்னிப்புக் கேக்கணும். நீயும் வா."

"ரெண்டாவது ஆள்கிட்ட?"

"அவனை யோசிச்சுத்தான் அடிச்சேன்" என்றார் அக்கா. "கேக்க மாட்டேன்."