இல்லாத குடம்

எங்கள் இங்கிலீஷ் டீச்சர் நாயுடுபேட்டைக்காரர். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆந்திர எல்லையில், நகரிப் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகளான எங்களுக்கோ தெலுங்கு அரைகுறை. அதனால் கையாலேயே பாடம் நடத்தினார். ‘ஹெவி’ என்றால், இல்லாத குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்து, பல்லைக் கடித்துத் தள்ளாடுவார். நாங்களும் தள்ளாடுவோம். எனக்கு இங்கிலீஷ் முதலில் இடுப்பில் ஏறி, அப்புறம்தான் வாய்க்கு வந்தது.

பள்ளிக்கூடம் என்றால் கை கட்டி உட்கார வேண்டும் என்பது ஹெட்மாஸ்டரின் கட்சி. ஒருநாள் வகுப்புக்கே வந்து எங்களிடம் சொன்னார்:

“வெள்ளிக்கெழம சித்தூர்லேருந்து ஆபீசர் வராரு. எவன் கையாவது ஆடிச்சு, திங்கக்கெழமலேருந்து உங்க டீச்சர் வர மாட்டாங்க. பாத்துக்குங்க.”

டீச்சருடையது தற்காலிக வேலை. வீட்டில் சொன்னேன். “கம்முனு கை கட்டிக்கினு நில்லு. உன் வால அங்க காட்டாத” என்றார் நைனா.

ஆபீசர் வந்ததும் என்னைத்தான் எழுப்பினார். மூலையில் கிடந்த மதிய உணவு அரிசி மூட்டையைக் காட்டி, அது எப்படி இருக்கிறது, இங்கிலீஷில் சொல் என்றார். தெரியும். ஆனால் கட்டிய கையோடு வார்த்தை வரவில்லை. வாசலோரம் டீச்சரும் எங்களைப் போலவே கை கட்டி நின்றார். அதைப் பார்க்கவே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“ஏம் நேர்ப்பிந்தி மீ டீச்சரு?” என்று ஆபீசர் சிரித்தார். என்னத்தைக் கற்றுக்கொடுத்தாள் உங்கள் டீச்சர் என்று!

எனக்கு வந்ததே கோபம்! எங்கள் டீச்சரைச் சொல்ல இவர் யார்? கண்ணை இறுக மூடிக்கொண்டேன். கையைப் பிரித்தேன். குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தேன்.

“ஹெவி! வெரி ஹெவி, சார்!”

கண்ணைத் திறந்தால், டீச்சர் உட்பட வகுப்பே குடம் தூக்கிக்கொண்டு நின்றது.

திங்கட்கிழமை டீச்சர் வரவில்லை. உன் கையால்தான் டீச்சருக்கு வேலை போனது என்று பிள்ளைகள் சொன்னார்கள். நானும் நம்பினேன், ராத்திரியில் அழுதேன். ஆனாலும் புது டீச்சர் எத்தனை அடி அடித்தும் கையை மட்டும் கட்டவில்லை. இன்றைக்கும் யார் முன்னாலும் கட்டுவதில்லை.

போன ஆவணியில், நாராயணவனத்தில் ஒரு கல்யாணப் பந்தி. என்னோடு அதே வகுப்பில் படித்த அத்தை மகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பேச்சு அந்த வெள்ளிக்கிழமைக்குப் போனது.

“நீதான் கண்ண மூடிக்கினு இருந்தியே, உனக்கு எங்க தெரியும்? உனக்கு முந்தியே டீச்சர் கையத் தூக்கிட்டாங்கடி. நாங்க அவங்களப் பாத்துதான் தூக்கனோம்.”

இத்தனை வருஷமும் அந்தக் குடத்தை நான்தான் முதலில் தூக்கினேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.