எங்கள் சொந்தப் பொறுப்பில்

அந்தக் கடிதத்தை எழுதியது நான்தான். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. கல்லூரி முதல்வரின் அறையில், அவர் மேஜையின் ஓரத்தில், அவருடைய பேனாவையே வாங்கி எழுதினேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. தல்லாகுளத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் இருபத்தொரு வருடமாகத் தபால் பிரிவில் இருக்கிறேன். எழுதத் தெரியாமல் வருகிறவர்களுக்கு எத்தனையோ மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அனுப்புநர், பெறுநர், பொருள் என்று கை தானாக ஓடும்.

மகளுக்கு இப்போது இருபது வயது. பிறக்கும்போதே முதுகுத்தண்டில் கோளாறு. இடுப்புக்குக் கீழே அசைவும் கிடையாது, உணர்வும் கிடையாது. பள்ளிக்கூடம் முடியும் வரை அவள் அப்பாதான் தூக்கிக்கொண்டு போனார். அவனியாபுரத்தில் சின்னதாக லேத் பட்டறை வைத்திருக்கிறார். இரும்பு தூக்கிப் பழகிய ஆள். ஆனாலும் பிள்ளை வளர வளர அவருக்கு இடுப்புப் பிடிக்க ஆரம்பித்தது. அதை அவர் வெளியே சொல்லவில்லை. ப்ளஸ் டூ முடித்ததும் மகளே சொன்னாள்: "காலேஜுக்கு நான் தனியாத்தான் போவேன். யாரும் தூக்க வேணாம்."

முதல் வருடம் அவள் சொன்னபடியே நடந்தது. வகுப்பு தரைத்தளத்தில் இருந்தது. வாசலில் மூன்று படிகள் மட்டும். கல்லூரியில் சாய்தளம் இல்லாமல் இல்லை. ஏதோ ஆய்வுக்கு ஆள் வருகிறார்கள் என்று ஆபீஸ் கட்டடத்தை ஒட்டி ஒன்று கட்டியிருந்தார்கள். செங்குத்தாக இருக்கும். அதில் சக்கர நாற்காலி ஏறாது, பைக் ஏறும். அதனால் பைக்குகளை ஏற்றி நிழலில் நிறுத்திக்கொண்டார்கள். அவள் அப்பா பட்டறையில் தகட்டை வளைத்து, வழுக்காமல் கோடு போட்டு, மூன்று படிக்கும் சரியாக உட்காரும்படி ஒரு சாய்பலகை செய்தார். அவளைத் தினமும் கூட்டிப்போகும் ஆட்டோக்காரத் தம்பி அதைப் பின் சீட்டுக்குப் பின்னால் செருகி வைத்திருப்பார். அவர் பலகையைப் போடுவார். அவள் ஏறிப் போய்விடுவாள். வாசலிலிருந்து வகுப்பு வரை நீளமான வராந்தா. அந்தத் தூரம் முழுக்க அவளே சக்கரத்தைத் தள்ளிப் போவாள்.

இரண்டு மூன்று மாதத்தில் உள்ளங்கையில் காய்ப்பு விழுந்துவிட்டது. நான் தேங்காய் எண்ணெய் தடவப் போனேன். கையை இழுத்துக்கொண்டாள். அவள் அப்பா பட்டறையிலிருந்து வந்ததும் அவர் கையைப் பிடித்துத் திருப்பி, பக்கத்தில் தன் கையை வைத்துக் காட்டினாள்.

"பாருங்கப்பா, உங்க கை மாதிரியே ஆயிருச்சு."

"எனக்கு இது வர பத்து வருசம் ஆச்சு. நீ மூணு மாசத்துலயே வாங்கிட்டயே" என்றார் அவர்.

அவ்வளவு சிரிப்பு அந்த வீட்டில் அதற்கு முன் இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

இரண்டாம் வருடம் அவர்கள் வகுப்பு முதல் மாடிக்குப் போனது. முதல்வர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நல்ல மனிதர். அவராகவேதான் பேச்சை எடுத்தார்.

"கீழயே ஒரு ரூம் ஒதுக்கலாமான்னு பாக்குறோம் மேடம். ஃபர்ஸ்ட் இயர் பிள்ளைகள மேல அனுப்பணும், டைம்டேபிள மாத்தணும், ஸ்டாஃப் கொஞ்சம் முணுமுணுப்பாங்க. நீங்க ஒரு லெட்டர் குடுத்தீங்கன்னா கமிட்டியில வச்சுப் பேசிரலாம்."

கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். ரூமை மாற்றிக் கொடுங்கள் என்று இரண்டு வரி. ஆனால் 'ஸ்டாஃப் முணுமுணுப்பாங்க' என்ற சொல் மட்டும் என் காதில் நின்றுவிட்டது. இருபது வருடமாக எனக்கு ஒரே பயம். பிள்ளையைத் தொந்தரவு என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. பஸ்ஸில், ஆஸ்பத்திரியில், கல்யாண மண்டபத்தில், எங்கே போனாலும் அடுத்தவர் வாயைத் திறப்பதற்குள் "பரவாயில்லைங்க, நாங்க பாத்துக்கிறோம்" என்று முந்திக்கொள்வேன். அன்றைக்கும் முந்திக்கொண்டேன்.

"அறுபது பிள்ளைகளுக்கு எதுக்கு சார் சிரமம். நாலு பேரு சேர்ந்தா தூக்கிட்டுப் போயிரலாம்."

"எழுத்துல ஒண்ணு குடுத்திருங்களேன், ஃபைலுக்கு."

எழுதிக் கொடுத்தேன். 'தங்கள் கல்லூரிக்கு எவ்விதச் சிரமமும் ஏற்படாவண்ணம், என் மகளை மாடிக்கு அழைத்துச் செல்லவும் கீழே கொண்டுவரவும் எங்கள் சொந்தப் பொறுப்பில் ஏற்பாடு செய்துகொள்கிறோம் எனப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.' படித்துவிட்டு முதல்வர் டீ வரவழைத்தார். "உங்கள மாதிரி பேரன்ட்ஸ் இருந்தா எங்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்ல மேடம்" என்றார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. மகள் வெளியே வராந்தாவில் காத்திருந்தாள். அவளை உள்ளே கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. முதல்வருக்கும் தோன்றவில்லை.

தூக்குவதற்கு ஆள் பஞ்சமே இல்லை. இந்த ஊரில் அதற்கு என்றைக்கும் பஞ்சம் வந்ததில்லை. ஆட்டோக்காரத் தம்பி, வாட்ச்மேன், கேன்டீனில் பரோட்டா போடுகிறவர், ஆய்வக உதவியாளர் என்று நாலு பேர் முதல் நாளே சேர்ந்துவிட்டார்கள். ஆட்டோக்காரத் தம்பி அவர் தெருக் கோயிலில் வருடா வருடம் சாமி சப்பரம் தூக்குகிறவர். எப்படித் தோள் கொடுப்பது, எப்படி அடி எடுத்து வைப்பது என்றெல்லாம் மற்ற மூவருக்கும் அவர்தான் சொல்லிக் கொடுத்தார்.

"ஏ அண்ணே, நீ உசரம், பின்னால வா. மாப்ள, நீ முன்னால புடி. இடது காலு மொதல்ல, எல்லாரும் ஒண்ணா. சாமி பொறப்பாடு! வழி விடுங்கய்யா, வழி விடுங்க!"

படியில் நிற்கும் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே ஒதுங்குவார்கள். யாராவது கையெடுத்துக் கும்பிடுவார்கள். முதல் நாள் நானும் போயிருந்தேன். நானும் சிரித்தேன். மகள் கைப்பிடி இரண்டையும் இறுகப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி இருந்தாள்.

ஒரு மாதம் கழித்துச் சொன்னாள்: "அம்மா, கீழ ரூம் கேளு."

"ஏன், அவங்க எதுவும் சொன்னாங்களா?"

"ஒண்ணும் சொல்லல. நல்லவங்கதான். ஆனா தூக்குறப்ப யாரு கை எங்க படுதுன்னு உனக்குத் தெரியுமா? காலுல பட்டா எனக்குத் தெரியாது, குனிஞ்சு பாக்கணும். நாலு பேரு வர்ற வரைக்கும் உக்காந்திருக்கணும். பாத்ரூம் போகணும்னா நாலு பேருகிட்டச் சொல்லணும். அதுக்காகக் காலையிலேர்ந்து தண்ணி குடிக்கிறதில்ல."

அவள் வாட்டர் பாட்டில் தினமும் நிரம்பியபடியே திரும்பி வந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஞாபகமறதி என்று நினைத்து அவளைத் திட்டியும் இருக்கிறேன். அப்போதாவது போய்க் கேட்டிருக்க வேண்டும். எழுதிக் கொடுத்துவிட்டு ஒரே மாதத்தில் மாற்றிப் பேசினால் என்ன நினைப்பார்கள் என்று பட்டது. "இந்த செமஸ்டர் போகட்டும்டா" என்றேன்.

அந்த செமஸ்டர் தேர்வின் முதல் நாள். நான் அலுவலகத்தில் ஒரு மணி நேரம் பர்மிஷன் போட்டுவிட்டு அவளுடன் போயிருந்தேன். படியில் கூட்டம். "சாமி பொறப்பாடு" என்ற குரல். நான் அவள் பையைத் தோளில் போட்டுக்கொண்டு கீழே நான்கைந்து படி தள்ளி ஏறிக்கொண்டிருந்தேன். நாற்காலியைப் பின்புறமாகத்தான் ஏற்றுவார்கள், அவள் முகம் கீழே பார்த்திருக்கும். வாட்ச்மேன் முன்பக்கம், கால் வைக்கும் தகட்டைப் பிடித்திருந்தார். சப்பரத்தின் கம்பு ஒரே மரம். அதைப் பிடித்தால் சப்பரத்தையே பிடித்த மாதிரி. சக்கர நாற்காலியில் கால் தகடு கழன்று வரும்படிதான் செய்திருக்கிறார்கள். படுக்கையிலிருந்து மாறி உட்கார வசதியாக இருக்க வேண்டுமே. அது எனக்குத் தெரியும். தினமும் காலையிலும் மாலையிலும் அதைக் கழற்றி மாட்டுகிறவள் நான். அதைப் பிடித்துத் தூக்கக் கூடாது என்று நான் ஒரு நாளும் அவர்களிடம் சொன்னதில்லை.

தகடு அவர் கையோடு வந்துவிட்டது. அவர் அதைப் பிடித்தபடி அப்படியே நின்றார். நாற்காலி முன்னால் சாய்ந்தது. மகள் என்னை நோக்கித்தான் வந்தாள். என்னால் பிடிக்க முடியவில்லை. என் பக்கத்தில் உரசிக்கொண்டு ஒவ்வொரு படியாகக் கீழே போனாள். சத்தம் போடவில்லை. எனக்குத்தான் சத்தம் வந்தது.

பத்து நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டதாக நினைத்தோம். ரத்தம் இல்லை. முழங்கையில் சிராய்ப்பு மட்டும். "வலிக்குதா?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். "வலிக்கல" என்றாள். மறுபடி உட்கார வைத்து, மறுபடி தூக்கிக்கொண்டு போய்த் தேர்வு அறையில் விட்டார்கள். அவள் மூன்று மணி நேரம் எழுதினாள். கீழே நான் அந்த நாலு பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். ஆட்டோக்காரத் தம்பி டம்ளரை வாங்கிய கையோடு படியில் வைத்துவிட்டார்.

"கம்பு கழண்டு வரும்னு யாருக்கா நெனச்சா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். "எம்புட்டு வருசமாச் சாமி தூக்குறேன், ஒரு நா எடறுனதில்லக்கா."

"நீங்க என்ன தம்பி பண்ணுவீங்க. விடுங்க" என்று நான்தான் ஆறுதல் சொன்னேன்.

சாயங்காலம் உடை மாற்றும்போது பார்த்தேன். வலது தொடை இரண்டு மடங்காக வீங்கியிருந்தது. தொடை எலும்பு முறிந்திருந்தது. முறிந்த காலோடுதான் மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதியிருக்கிறாள். உணர்வு இல்லாத உடம்பில் வலியை எதிர்பார்த்துக் காத்திருக்கக் கூடாது, விழுந்த உடனே படம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். இருபது வருடம் அந்த உடம்பைத் துடைத்து, உடுத்தி, திருப்பிப் படுக்கவைத்த எனக்கு அது தெரிந்திருக்க வேண்டாமா?

அதன்பிறகு நடந்ததை விவரமாக எழுத மனம் வரவில்லை. மாவுக்கட்டுக்குள் குதிகாலில் புண் வந்தது. அதுவும் அவளுக்குத் தெரியவில்லை, வாடை வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஏழு மாதம் படுக்கையில் இருந்தாள். ஒரு வருடம் போய்விட்டது. ஆட்டோக்காரத் தம்பி ஒரு பை ஆப்பிளோடு வாசல் வரை வந்தார். உள்ளே வரவில்லை. சாய்பலகையைத் திண்டில் சாய்த்து வைத்துவிட்டு, "வாரேன்க்கா" என்று போய்விட்டார். போன பிறகு மகள் சொன்னாள்:

"சாமி கீழ விழுந்தா ஊரே கூடிப் பரிகாரம் பண்ணும். நான் விழுந்ததுக்கு நீ டீ வாங்கிக் குடுத்த."

கோபமாகச் சொல்லவில்லை. என்னால்தான் அதைத் தாங்க முடியவில்லை.

மறுபடி சேர்வதென்றால் வகுப்பு கீழே இருக்க வேண்டும், இல்லையென்றால் வேண்டாம் என்று அவள் தெளிவாகச் சொல்லிவிட்டாள். ஒருவரும் தொடக் கூடாது. முதல் வருடம் மாதிரி அவளே தள்ளிப் போவாள். நான் முதல்வரிடம் போனேன். இந்த முறை கேட்டேன். வாய்விட்டு, கையெடுத்துக் கேட்டேன். அவர் வருத்தப்பட்டார், அது நடிப்பு இல்லை. ஆனால் ஃபைலை எடுத்து என் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

"நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்களே மேடம். அதுக்கப்புறம் அந்தக் கீழ் ரூம லேபா மாத்திட்டாங்க. லிஃப்டுக்கு எழுதிப் போட்டிருக்கோம், எப்ப வரும்னு சொல்ல முடியாது. அஞ்சல் வழியில சேர்த்துருங்களேன். பிள்ளைக்கும் அலைச்சல் இல்ல."

புதிதாக ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். ஆபீஸில் வாங்கி முத்திரை குத்தினார்கள். முத்திரை குத்தினால் தாள் வந்து சேர்ந்தது என்றுதான் அர்த்தம், வேலை நடக்கும் என்று இல்லை. அது எனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. என் அலுவலகமும் முதல் மாடியில்தான் இருக்கிறது. ஊன்றுகோலோடு வருகிறவர்கள் கீழே நின்று ஆள் விடுவார்கள். நான் இறங்கிப் போய் மனுவை வாங்கி வருவேன். அதை வீட்டில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். படிக்கட்டைப் பற்றி இத்தனை வருடத்தில் ஒரு குறிப்புகூட எழுதி வைத்ததில்லை.

"அந்தப் பழைய லெட்டரத் திருப்பி வாங்கிட்டு வாம்மா. அது அங்க இருக்க வேணாம்" என்றாள் மகள்.

ஃபைலில் ஏறிய தாளைத் திருப்பித் தர மாட்டார்கள். எத்தனையோ பேரிடம் நானே சொன்ன பதில் அது. ஆனாலும் போய்க் கேட்டேன். எதிர்பார்த்த அதே பதில் கிடைத்தது. பாவம் பார்த்து ஒரு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தார்கள்.

மறுபடி சேர்வதற்கான கடைசி நாள் போன வெள்ளிக்கிழமை. அன்று சாயங்காலம்தான் அந்த ஜெராக்ஸை அவளிடம் கொடுத்தேன். புதுக் கடிதத்துக்கு அதுவரை பதில் இல்லை. இனி வந்தாலும் பயன் இல்லை. அவள் அப்பா பட்டறையிலிருந்து வந்து கை கழுவாமல் வாசலிலேயே நின்றார். மகள் படுக்கையில் சாய்ந்தபடி முதலிலிருந்து கடைசி வரை நிதானமாகப் படித்தாள்.

"ஒரு பிழைகூட இல்லம்மா" என்றாள். "கையெழுத்தும் நல்லா இருக்கு."

தாளைத் திருப்பித் தந்தபோது அவள் உள்ளங்கை என் விரலில் பட்டது. காய்ப்பு முழுக்கப் போய்விட்டிருந்தது.