புளி போட்டுத் துடைத்த இலைகள்

பெங்களூர்ப் பக்கம் திராட்சை வைத்திருப்பவர்கள் இரண்டு வகை. எந்த மழைக்கும் ஓரளவு தாக்குப்பிடிக்கிற நீலத் திராட்சையைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் ஒரு வகை. அப்பா மற்ற வகை. தேவனஹள்ளிக்குப் போகும் வழியில் தில்குஷ் கொடி ஏற்றிய தோட்டமாகத் தேடிப் பிடித்துக் குத்தகைக்கு எடுத்தார். தில்குஷ் என்றால் பச்சையாக, நீளமாக, பார்க்கவே அழகான பழம். தூறல் விழுந்தால் முதலில் படுத்துவிடுவதும் அதுதான்.

இரண்டு வருஷம் படுத்தது. ஐப்பசியில் கொடியை வெட்டிவிடும் கவாத்து முடிந்து துளிர் விடும்போது அடைமழை பிடித்துக்கொள்ளும். இலை மேல் எண்ணெய் சிந்தியது போல மஞ்சள் பொட்டுகள் வரும். திருப்பினால் அடியில் வெள்ளைப் பூஞ்சை. அடிச்சாம்பல் என்று அதற்குப் பெயர். பூங்கொத்தில் ஏறிவிட்டால் கொத்து பழுப்பாகிக் கருகும். இரண்டாவது வருஷம் அப்படிக் கருகிய பிறகு, அம்மா பெங்களூருக்குள் நீலசந்திராவில் மாமா வீட்டில் தங்கிக்கொண்டு கார்மெண்ட்ஸ் வேலைக்குப் போக ஆரம்பித்தாள். மாமா வீடு ஒரே அறை, அதில் ஏற்கெனவே ஆறு பேர். அதனால் நான் அப்பாவோடு. அடுத்த வருஷம் கொத்து பிழைத்தால் வேலையை விட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

எனக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் கன்னடம் பேசினார்கள். எனக்கு வந்த கன்னடத்தில் பென்சில் கேட்கலாம், சிநேகம் பிடிக்க முடியாது. வீட்டில் அப்பா. மருந்தடிக்கிற நாட்களில் அவரும் இல்லை. மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் தனித்தனியாகக் கரைத்து, ஒன்றாகச் சேர்த்து, கத்தி முனையை அதில் முக்கிப் பார்ப்பார். கத்தியில் செம்பு படிந்தால் இன்னும் சுண்ணாம்பு வேண்டும் என்று அர்த்தம். அதற்குமேல் நான் பார்க்கக் கூடாது. உள்ளே விட்டுக் கதவைச் சாத்திவிடுவார். சாயங்காலம் நீலம் படிந்த கைகளோடு வருவார். குளிக்கும்வரை என்னைத் தொடமாட்டார். அந்த நாட்களில் சுவரோடு பேசுவேன். சுவரும் தமிழ்தான் என்று வைத்துக்கொண்டேன்.

மூன்றாவது வருஷம் ஐப்பசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா வருவதாகச் சொல்லியிருந்தாள். அதற்கு முந்தின முறை வந்தபோது, கேட்டிலிருந்து வீடுவரை தலைக்கு மேல் இருந்த பந்தலைப் பார்த்து முகம் சுளித்தாள். இலையெல்லாம் நீலமும் வெள்ளையுமாகத் திட்டுத்திட்டாக மருந்துக் கறை. செத்த வீடு மாதிரி இருக்கு என்றாள். அந்த வார்த்தை எனக்குள் தங்கிவிட்டது. காய்ச்சல் மருந்து குடித்தபின் உதட்டில் ஒட்டியிருப்பதைத் துடைத்துவிடுகிறோம், இதுவும் அப்படித்தானே என்று நினைத்தேன். உள்ளே போன மருந்து வேலை செய்யும், வெளியே இருப்பது வெறும் அழுக்கு.

சனிக்கிழமை அப்பா ஊருக்குள் போயிருந்தார். முக்காலி மேல் ஏறி ஈரத்துணியால் துடைத்தேன். கறை அசையவில்லை. அம்மா செம்புக் குடத்தைப் புளி போட்டுத் தேய்ப்பது ஞாபகம் வந்தது. கெட்டியாகப் புளி கரைத்தேன். அவ்வளவுதான், துணி பட்ட இடமெல்லாம் பளிச்சென்று ஆனது. வழியின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு வரிசை, எட்டிய இலையெல்லாம் முடித்தேன். பெருமை தாங்கவில்லை. யாரிடம் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

மறுநாள் அம்மா கேட்டில் நின்று அண்ணாந்து பார்த்தாள். ஒரு இலையைத் தொட்டாள். சிரித்தாள். சாப்பிடும்போது, அடுத்த மாசம் வேலையை விடுகிறேன் என்று கம்பெனியில் சொல்லிவிடலாமென்று இருக்கிறேன் என்றாள். அப்பா இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை பிடித்த மழை வெள்ளிவரை விடவில்லை. அந்த மருந்து இலைக்குள் போவதே இல்லை. மேலே உட்கார்ந்து காவல் காப்பது மட்டும்தான் அதன் வேலை. காவலை நான் கழுவி ஊற்றியிருந்தேன். மஞ்சள் பொட்டு அந்த இரண்டு வரிசையில் கிளம்பி, பத்தே நாளில் பாதித் தோட்டத்தைப் பிடித்தது. அப்பா ஓயாமல் மருந்தடித்தார். ஒருநாள் வீட்டின் பின்பக்கம் நான் கவிழ்த்து வைத்திருந்த வாளியை எடுத்தவர், அதற்கடியில் நீலக் கறையோடு கிடந்த துணியையும் புளிச் சக்கையையும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். துணியை அடுப்பில் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த முறை வந்த அம்மா வீட்டுக்குள் வரவே இல்லை. பந்தலடியிலேயே நின்றாள். உள்ளே தள்ளி நல்லாயிருக்கிற கொடி இங்கே மட்டும் எப்படி அடியோடு கருகியது என்று அவளுக்குப் புரியவில்லை.

"இந்த ரெண்டு வரிசைக்கு மருந்து அடிச்சீங்களா இல்லையா?"

நான் பந்தலைத் தாங்கும் கல்தூணுக்குப் பின்னால் நின்றிருந்தேன். அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை.

"விட்டுப்போச்சு. மறந்துட்டேன்."

அம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "மழையால போச்சுன்னா நான் என்ன சொல்லப் போறேன்? மறந்துட்டேன்றீங்களே" என்றாள். எனக்கென்று வாங்கி வந்த பன் பொட்டலத்தை என் கையில் கொடுத்து, தலையைத் தடவிவிட்டு, நாலு மணி பஸ்ஸுக்கே போய்விட்டாள்.

தோட்டம் போனது. அப்பா அடுத்தவர் தோட்டங்களுக்கு மருந்தடிக்கக் கூலிக்குப் போனார். என்னை ஹாஸ்டலில் சேர்த்தார்கள். அவர்கள் இரண்டு பேரும் அதன்பின் ஒரு வீட்டில் இருக்கவில்லை. குழந்தை தெரியாமல் செய்துவிட்டாள், உனக்காகத்தான் செய்தாள் என்று அப்பா அன்றைக்குச் சொல்லியிருந்தால், அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதிருப்பாள், அங்கேயே இருந்திருப்பாள். ஒன்பது வயதுக்காரிக்கு அது தெரியவில்லை. பஸ் கிளம்புகிற சத்தம் கேட்டதும் தூணுக்குப் பின்னாலேயே உட்கார்ந்து, நல்லவேளை தப்பித்தோம் என்று முழு பன்னையும் தின்று முடித்தேன்.